பாலம் யார் பொறுப்பு? தெல்தோட்டை மலையில் ஒரு பகல்

காலை ஆறரைக்கு நாங்கள் கண்டியை விட்டுப் புறப்பட்டபோது மழை ஓய்ந்திருந்தது. ஆனால் அது நின்றுவிட்டது என்று யாரும் நம்பவில்லை. வாவியின் நீர் செம்மண் நிறத்தில் கரையின் கடைசிக் கல்வரைக்கும் ஏறிக் கிடந்தது. வானொலியில் மண்சரிவு எச்சரிக்கை வாசித்தார்கள். வான் சாரதி நவாஸ் ஒலியைக் கூட்டினார். எச்சரிக்கை விடுக்கப்பட்ட இடங்களில் தெல்தோட்டையும் இருந்தது.

"மிஸ், ஒண்டு செல்றேன் எண்டு கோவிக்க வேணாம். இண்டைக்கு அந்தப் பக்கம் போகத்தான் வேணுமா?"

"இவங்களுக்கு நாளைக்கு ராத்திரி ப்ளேன், நவாஸ். இன்னைக்கு விட்டா வேற நாள் இல்ல."

"இவங்க" என்று நான் சொன்னது பின்னிருக்கையில் அமர்ந்திருந்த நொமாவெத்து என்ற பெண்மணியை. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், உம்தாத்தா நகருக்கு அப்பால் மலைக் கிராமங்கள் அடங்கிய ஒரு வட்டாரத்தின் உள்ளூராட்சி உறுப்பினர் அவர். கோசா மொழி பேசுகிறவர். உள்ளூராட்சி பற்றிய பயிற்சி ஒன்றுக்காக ஒரு குழுவோடு கண்டிக்கு வந்திருந்தார். மற்றவர்கள் அன்று தலதா மாளிகைக்கும் பூங்காவுக்கும் போக, இவர் மட்டும் "எனக்கு ஒரு கிராமத்துச் சபையைக் காட்டுங்கள்" என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் என்னை அவரோடு அனுப்பினார்கள். நீதிமன்றத் தாள்களையும் கூட்டப் பேச்சுகளையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிச் சொல்வதுதான் என் பிழைப்பு. கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். தெல்தோட்டை என் வீட்டிலிருந்து முப்பது கிலோமீற்றர் சொச்சம். அன்றுவரை நான் அங்கே போனதில்லை.

பேராதனையில் திரும்பிக் கலஹா வீதியில் ஏறினோம். பல்கலைக்கழகத்து மரங்கள் முடிந்து, ஹிந்தகலையைத் தாண்டியதும் வீதி ஒடுங்கியது. சில வளைவுகளில் பாதியைக் காணவில்லை. சென்ற ஆண்டுப் புயலில் சரிந்துபோன இடங்களில் தகரப் பீப்பாய்களை நிறுத்தி, மஞ்சள் நாடா கட்டிவைத்திருந்தார்கள். அந்த நாடாவும் நனைந்து தொங்கியது. எதிரே பேராதனைக்குப் போகும் பஸ் வந்தபோது நவாஸ் மலையோரமாக ஒதுங்கி, தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார். பஸ்ஸைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார்.

நொமாவெத்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தபடி வந்தார். "எங்கள் மலைகள் மொட்டை. புல்லும் ஆடும்தான். இவற்றை யார் இப்படிச் சீவி விடுகிறார்கள்?" என்று கேட்டார். தேயிலையைத்தான் கேட்டார். சீவி விடுகிறவர்களைப் பார்க்கத்தான் போகிறோம் என்றேன்.

கலஹாவில் ஒரு கடையில் நிறுத்தினோம். பால் விடாத பிளேன்டியும் ரோல்ஸும் சாப்பிட்டோம். பிளேன்டி ஐம்பது ரூபாய், ரோல்ஸ் நூறு. கடைக்காரர் எங்கே போகிறோம் என்று கேட்டார். தெல்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியால் மேசையை இன்னொரு தடவை துடைத்தார்.

"சேர்மனும் வாறாராமே இன்னைக்கி. அங்க சனங்க நல்ல சூடா இருக்கு. பாத்துப் போங்க."

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

தெல்தோட்டைச் சந்தியில் பிரதேச சபையின் ஜீப் எங்களுக்காகக் காத்திருந்தது. சேர்மன் என்று எல்லோரும் சொல்லும் சபைத் தவிசாளர் இறங்கி வந்து நொமாவெத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை, மழைக்காக மடித்துவிட்ட காற்சட்டை. சிங்களத்தில் பேசினார். வெளிநாட்டு விருந்தினருக்குத் தோட்ட மக்களின் நிலையைத் தானே நேரில் காட்ட விரும்புவதாகச் சொன்னார். அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குரலில் பொய் இல்லை. கொஞ்சம் பெருமை இருந்தது, அவ்வளவுதான்.

அங்கிருந்து மேலே ஆறு கிலோமீற்றர், கல்லும் சேறுமான தோட்டப் பாதை. ஒரு ஓடையின் முன்னால் பாதை அறுந்து நின்றது. இருந்த சிறு பாலத்தைப் புயல் கொண்டுபோய்விட்டது. அதன் இடத்தில் இரண்டு யூகலிப்டஸ் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டு, மேலே பலகை அடித்திருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. கீழே தண்ணீர் இரைந்து ஓடியது. எதிர்க்கரையில், சரிவின் மேல், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக வாழும், தகரக் கூரை போட்ட நீண்ட லயம்.

ஒவ்வொருவராக அந்தப் பலகையில் நடந்தோம். நொமாவெத்து கனத்த உடம்புக்காரி. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கீழே பாராமல் நடந்து போனார். நான் பாதியில் நின்றுவிட்டேன். பலகை ஆடியது. பின்னால் வந்த நவாஸ் "கீழ பார்க்க வேணாம் மிஸ், மிச்சத்தையும் நடங்க" என்றார். நடந்தேன்.

லயத்தின் சுவரில் விரலை நுழைக்குமளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. அது ஓர் அறையில் தொடங்கி அடுத்த அறைக்குள் போனது. உள்ளே பொருட்களையெல்லாம் வெடிப்பில்லாத பக்கமாக நகர்த்திவைத்திருந்தார்கள். தவிசாளர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இது தோட்டக் கம்பனியின் கட்டடம். சபைக்கு இதில் கைவைக்க முடியாது" என்றார். பாலம் யாருடையது என்று கேட்டேன். "பாதையும் அவர்களுடையதுதான். முன்பு தோட்டத்துக்குள் ஒரு சதம் செலவழிக்கச் சட்டமே இடம் தரவில்லை. இப்போது திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் நிர்வாகத்தின் சம்மதமில்லாமல் நான் அங்கே ஒரு கல் வைத்தால் நாளைக்கு வழக்கு வரும். மூன்று மாதமாகக் கேட்கிறேன்."

நொமாவெத்து இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். மகிழ்ச்சிச் சிரிப்பு அல்ல. "எங்கள் பக்கம் நிலம் பாரம்பரியத் தலைவருடையது. வாக்குக் கேட்டு வென்றவள் நான். ஒரு தண்ணீர்க் குழாய் நடுவதற்கும் ஊர்த்தலைவரிடம் போய் நிற்க வேண்டும். அவர் என்னைக் காட்டுவார், நான் அவரைக் காட்டுவேன். சனங்கள் நடுவில் வாளியோடு நிற்பார்கள்."

நாங்கள் திரும்பி ஓடையைக் கடந்தபோது ஜீப்புக்கு முன்னால் பாதையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. கொழுந்துக் கூடையோடும், மழைக்குப் படங்குச் சாக்கைத் தலையில் போட்டபடியும் நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள். பாதையின் இரண்டு பக்கத்து மேட்டிலும் ஆண்கள் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கூட்டியது.

முன்னால் இருந்த பெண் எழுந்தாள். கோகிலா என்று பெயர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கனமாக இருந்தது.

"சேர்மன் ஐயா, நீங்க வந்தது சந்தோஷம். பாலத்த யாரு கட்டுறதுன்னு சொல்லிட்டுப் போங்க. அது தெரியாம ஜீப்பு இங்கருந்து நகராது."

தவிசாளருக்குக் கொஞ்சம் தமிழ் புரியும். ஆனாலும் என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில் சொன்னேன். "சபையில் பேசிப் பார்ப்போம்" என்றார். அதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கோகிலா கையை உயர்த்தினாள்.

"பாப்போம்னு ஒபீஸ்லயும் சொல்றாங்க, சபையிலயும் சொல்றாங்க. பாத்துப் பாத்து எங்க கண்ணு பூத்துப்போச்சு. வேற வார்த்த இருந்தாச் சொல்லுங்க."

மழை மறுபடி பிடித்தது. பெண்கள் அசையவில்லை. தவிசாளர் ஜீப்புக்குள் ஏறி, யாருடனோ தொலைபேசியில் பேசினார். நானும் நொமாவெத்துவும் வானுக்குள் போய் உட்கார்ந்தோம். நவாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மிஸ், தண்ணி கூடுது. கீழ பாதை ஒடஞ்சா நாங்களும் இங்கதான்" என்றார். ஓடையின் இரைச்சல் கூடியிருந்ததை நானும் கேட்டேன். மேலே சரிவிலிருந்து ஒரு கல் உருண்டு தேயிலைக்குள் விழுந்தது. எல்லோரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அதன் பின்னால் வேறு எதுவும் வரவில்லை.

"என்னை ஒரு தடவை மண்டபத்துக்குள் வைத்துப் பூட்டினார்கள்," என்றார் நொமாவெத்து. "தண்ணீர் பவுசர் லொறி வரும்வரை திறக்க மாட்டோம் என்றார்கள். மறுநாள் காலையில்தான் வந்தது. உள்ளே இருந்தபோது எனக்கு அவர்கள்மேல் கோபம். வெளியே வந்து அந்த வரிசையைப் பார்த்த பிறகு கோபம் யார்மேல் என்று தெரியவில்லை." பிறகு, "அந்த ஆளும் இப்போது உள்ளே பூட்டப்பட்டவர்தான்" என்று ஜீப்பைக் காட்டினார்.

பதினொரு மணிபோல் பொலிஸ் வந்தது. ஒரு சார்ஜன்ட்டும் இரண்டு கான்ஸ்டபிள்களும், மோட்டார் சைக்கிள்களில், நனைந்து. சார்ஜன்ட் நடுவயதுக்காரர். முதலில் தன்மையாகத்தான் கேட்டார். வெளிநாட்டுப் பெண்மணியை வழிமறிப்பது நாட்டுக்கே அவமானம் என்றார். பிறகு, எழும்பாவிட்டால் முன்னால் இருப்பவர்களைக் கைது செய்ய வேண்டிவரும் என்றார். கோகிலாவுக்குச் சிங்களம் தெரியும். சிங்களத்திலேயே பதில் சொன்னாள். மேட்டில் நின்ற ஆண்கள் இரண்டு அடி கீழே இறங்கினார்கள்.

அப்போது சார்ஜன்ட் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "உன்னுடைய பிள்ளைதானே ஓடையில் விழுந்தது? பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, நீ இங்கே பாதையில் உட்கார்ந்திருக்கிறாய்?"

கோகிலா தமிழில் பதில் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அதனாலதான் உக்காந்திருக்கேன்."

இதை அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். போன வாரம் பாடசாலை விட்டு வரும்போது பலகை வழுக்கி, கோகிலாவின் மகள் தண்ணீரில் விழுந்திருக்கிறாள். கீழே கல்லில் தட்டி நின்றதால் உயிர் பிழைத்தாள். காலும் கையும் முறிந்து கண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் நடக்கப் பயந்து நின்ற அதே பலகை. நொமாவெத்துவிடம் சொன்னேன். அவர் வானை விட்டு இறங்கி, மழையில் போய்ப் பெண்களின் அருகே நின்றார்.

கோகிலா தவிசாளரிடம் திரும்பினாள். "ஐயா, தொரைக்கு ஃபோன் பண்ணுங்க. எங்க முன்னாடியே. ஸ்பீக்கர்ல போடுங்க. சம்மதம் குடுக்குறாரா இல்லையான்னு எங்க காதால கேக்கணும். கேட்டுட்டு வழி விட்டுர்றோம்."

அவர் மறுத்தார். அலுவலகப் பேச்சைப் பாதையில் வைத்துப் பேச முடியாது என்றார். பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை அவர் சட்டையை உடம்போடு ஒட்டவைத்திருந்தது. சார்ஜன்ட்கூட வேறுபக்கம் பார்த்தார். கடைசியில் தவிசாளர் தொலைபேசியை எடுத்தார்.

தோட்ட நிர்வாகியான துரையின் குரல் தெளிவாகவே கேட்டது. தவிசாளர் சிங்களத்தில், மக்கள் கூடியிருக்கிறார்கள், பாலத்துக்குச் சம்மதம் தருகிறீர்களா என்று கேட்டார். எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று துரைக்குத் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். சலிப்போடு, வேகமாகச் சொன்னார்.

பேச்சு முடிந்து இணைப்பு அறுந்தது. தவிசாளருக்கு முழுவதும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நாற்பது பெண்களும் மேட்டில் நின்ற ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். அங்கே ஆங்கிலம் முழுதாக விளங்கியது எனக்கும் நொமாவெத்துவுக்கும் மட்டும்தான்.

"என்ன சொன்னாரு, மிஸ்?" என்றாள் கோகிலா.

சார்ஜன்ட் என் பக்கம் வந்து தாழ்ந்த குரலில், "பார்த்துச் சொல்லுங்கள், மிஸ். மூன்று பேர்தான் இருக்கிறோம்" என்றார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். மேட்டில் ஓர் இளைஞன் கையில் கல் இருந்தது. "சம்மதம் இன்னும் தரவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது பொய்யும் ஆகாது. என் தொழிலில் அப்படிப்பட்ட வரிகள் கைவசம் நிறைய உண்டு.

நொமாவெத்து என்னைப் பார்த்தார். "அவர்களைப் பற்றிச் சொன்னது. அது அவர்களுக்குச் சேர வேண்டியது" என்றார்.

நான் சொன்னேன். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "அந்த லயம் எங்கள் திட்டத்திலேயே இல்லை. இன்னும் இரண்டு மழைக்கு அது தானாகக் காலியாகிவிடும். பாலம் போட்டுக் கொடுத்தால் அங்கேயே இருந்துவிடுவார்கள். ஏதாவது சொல்லி அனுப்பிவையுங்கள்."

பிறகு மேட்டிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. அந்த இளைஞன் கையை ஓங்கினான். கல் ஜீப்பின் கதவில் பட்டுத் தெறித்தது. கான்ஸ்டபிள்கள் தடியை எடுத்தார்கள். நவாஸ் என் கையைப் பிடித்து வானுக்குள் இழுத்தார்.

கோகிலா ஜீப்பின் முன்னால் போய் நின்றுகொண்டு கத்தினாள். "இன்னொரு கல்லு வந்தா என் மேலதான் விழும்! ஜீப்பு என்னடா பண்ணுச்சு ஒன்ன? யாரு சொன்னதுன்னு இப்பத் தெரிஞ்சிருச்சில்ல? வாங்க, அங்க போவோம்."

அவள் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்ட அலுவலகம் இருக்கும் பக்கம் நடக்கத் தொடங்கினாள். ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் எழுந்தார்கள். சில நிமிடங்களில் பாதை திறந்து கிடந்தது. கல்லெறிந்தவனும் தலையைக் குனிந்தபடி அவர்களோடு போனான்.

போகிறபோது கோகிலா நொமாவெத்துவின் முன்னால் நின்று என்னிடம், "இவங்க ஊர்ல இவங்க ரோட்டுல உக்காருவாங்களா, ஜீப்புல வருவாங்களான்னு கேளுங்க மிஸ்" என்றாள்.

கேட்டேன். "முன்பு ரோட்டில். இப்போது ஜீப்பில்" என்றார் நொமாவெத்து. கோகிலா தலையாட்டினாள். என் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பிடிக்க ஓடினாள்.

தவிசாளர் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். வழி இருந்தது, சந்திக்குப் போய்விடலாம். சாரதி எஞ்சினை இயக்கினார். தவிசாளர் கதவை வெளியிலிருந்தே மூடினார். "ஏதாவது சொல்லி அனுப்பிவை என்றானா?" என்று தனக்குத்தானே சிங்களத்தில் சொல்லிக்கொண்டார். பிறகு எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெண்கள் போன வழியில் நடந்தார். சார்ஜன்ட் சிறிது யோசித்து, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்.

நாங்கள் இறங்கினோம். வரும்போது கடந்த ஒரு வளைவில் புதிதாக மண் விழுந்திருந்தது. சக்கரம் ஒருபக்கம் வழுக்க, நவாஸ் ஏதோ ஓதிக்கொண்டே வானைக் கடத்தினார்.

பேராதனையை நெருங்கும்போது கோகிலாவின் அழைப்பு வந்தது. சுற்றிலும் ஒரே இரைச்சல்.

"மிஸ், தொரை வெளிய வந்துட்டாரு. சேர்மன் அவர்கிட்ட மூஞ்சிக்கு நேரா கேட்டாரு. பாலத்துக்குச் சரின்னுட்டாரு. சார்ஜன்ட் முன்னாடி சொன்னாரு. லயத்தப் பத்தி வாயே தொறக்கல. நாங்க இன்னும் இங்கதான் நிக்கிறோம்." பிறகு குரல் தணிந்தது. "மிஸ், நீங்க டவுன்தானே? மண்ணு விழுந்து பஸ்ஸு ஓடலயாம். என் மகள இன்னைக்கி யாரும் பாக்கப் போகல. ஒரு எட்டுப் பாத்துட்டு வர முடியுமா? பேரு தர்ஷிகா."

நொமாவெத்துவை விடுதியில் விட்டுவிட்டு நான் மட்டும் போவதாகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. சேறு காய்ந்த பாவாடையோடு அவரும் வந்தார்.

மாலைப் பார்வை நேரம். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் ஆட்கள் நின்றார்கள். தர்ஷிகாவின் கட்டிலருகே மட்டும் யாருமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வலது காலிலும் கையிலும் மாவுக்கட்டு. வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் யார் என்று சொன்னேன். அம்மா ஏன் வரவில்லை என்று சொன்னேன். பாலத்துக்குத் துரை சம்மதித்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப அம்மா இன்னைக்கி வேலைக்கிப் போகலயா?"

"இல்ல. யாருமே போகல."

"யாருமேயா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கை வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. பிறகு என் பின்னால் நின்ற பெரிய பெண்மணியைப் பார்த்தாள்.

"இவங்க யாரு?"

"அவங்க ஊர்ல மெம்பர். உங்க லயத்தப் பாக்க வந்தாங்க."

தர்ஷிகா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தத் தோட்டம்?" என்றாள்.

அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் தயங்கினேன். பிறகு கேட்டபடியே சொன்னேன். நொமாவெத்து சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கிராமத்தின் பெயரைச் சொன்னார். நடுவில் நாக்கை அண்ணத்தில் தட்டி எழுப்பும் ஒலி வந்தது. பிள்ளை அதைச் சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. மறுபடி சொன்னாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் பிள்ளையும் சொல்லிப் பார்த்தாள். பார்வை நேரம் முடிந்ததாகத் தாதி வந்து சொல்லும்போது அந்த வரிசை முழுவதும் ஒரு தென்னாப்பிரிக்கக் கிராமத்தின் பெயரை நாக்கால் தட்டிக்கொண்டிருந்தது.

வெளியே கண்டி வழக்கம்போலப் பளபளத்தது. விளக்குகள் எரிந்தன, பஸ்கள் ஓடின, மழைநீர் வடிகாலில் ஒழுங்காக இறங்கியது. எங்கள் தெருவில் வடிகால் அடைத்தால் மாநகர சபைக்கு ஒரு தொலைபேசி போதும், ஆள் வரும். அது எந்த ஊரிலும் நடக்கிற காரியம் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். நவாஸ் வானின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். நொமாவெத்து ஏறவில்லை. விடுதி எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஒன்றரைக் கிலோமீற்றர் என்றேன்.

"நடப்போமா?" என்றார்.

நடந்தோம்.